சோற்றுப் பொட்டலமும் தொழிலாளியின் உரிமையும்

தீபாவளி முடிந்ததும் நம் வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளின் கதவுகள் சில வாரங்களுக்குச் சாத்தப்படும். போனஸாக வந்த பணம் அதற்குள் கடன்காரன் கைக்குப் போயிருக்கும். மானாவாரிக் காட்டில் களையெடுப்பு மழையைப் பார்த்து நிற்கும். ஆலங்குளத்தைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் பல வீடுகளில் அடுப்பெரிவது ஒரு வேளையாகச் சுருங்குகிற காலம் அது.

அப்படி ஒரு காலத்தில்தான் ஒரு சினிமாக் கம்பெனி எங்கள் பக்கம் வந்தது. ராத்திரி எட்டு மணிக்கு ஏஜெண்டு ஒருவர் தெருவில் வந்து நின்றார். “கல்யாண வீட்டுக் கூட்டம் வேணும். நூறு தலை. ஆம்பளை ஐம்பது, பொம்பளை ஐம்பது. கூலி உண்டு, சாப்பாடு உண்டு. நல்ல துணியாக் கட்டிக்கிட்டு விடியுமுன்னே வந்துருங்க” என்றார். கூலி எவ்வளவு என்று ஒருவர் கேட்டார். “அதெல்லாம் கம்பெனி பாத்துக் குடுக்கும்” என்று பதில் வந்தது. யார் பெயரையும் யாரும் எழுதிக்கொள்ளவில்லை. தலைகளை மட்டும் எண்ணிக்கொண்டு போனார்கள்.

விடியுமுன் போனோம். பந்தல் போட்டிருந்தது. வாழைமரம் கட்டியிருந்தது. கல்யாணப் பந்திக் காட்சி. வரிசையாக உட்கார வைத்து இலை போட்டார்கள். சோறு, சாம்பார், அப்பளம், வடை, பாயசம் எல்லாம் இலையில் விழுந்தன. வாசனை மூக்கைத் துளைத்தது. அப்போதுதான் ஓர் உதவி டைரக்டர் உரக்கச் சொன்னார்: “யாரும் இலையில கை வைக்காதீங்க! சாப்பிடுற மாதிரி கையை மட்டும் ஆட்டுங்க. இந்த இலை அடுத்த ஷாட்டுக்கும் வேணும்!”

காலை ஆறு மணிக்கு வந்தவர்கள் பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் அந்த இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சோறு காய்ந்தது. காய்ந்த சோற்றின் மேல் தண்ணீர் தெளித்தார்கள். கதாநாயகன் வந்தார், போனார். வெளிச்சம் சரியில்லை என்றார்கள், மறுபடி எடுத்தார்கள். நூறு பேர் வயிறாரச் சாப்பிடுகிற காட்சியை, பசித்த நூறு பேரை வைத்து எடுத்து முடித்தார்கள்.

மதியச் சாப்பாடு வந்தது. ஷாமியானாவுக்குள் மேஜை போட்டு ஒரு பந்தி. அங்கே கோழியும் மீனும். மரத்தடியில் லைட்டுத் தூக்குகிற தொழிலாளர்களுக்கு இரண்டாவது பந்தி. அங்கே சோறும் குழம்பும். எங்களுக்குப் பந்தியே இல்லை. மூன்றரை மணிக்கு ஒரு வண்டியில் தக்காளிச் சோற்றுப் பொட்டலம் வந்து இறங்கியது. நூறு பேருக்கு எண்பது பொட்டலம்கூட இல்லை. தள்ளுமுள்ளு நடந்தது. அதைப் பார்த்து, “பட்டிக்காட்டு ஜனங்க, சோத்தைக் கண்டதும் பாயுறாங்க” என்று ஒருவர் சிரித்தார்.

தீப்பெட்டி ஆலையில் வேலை பார்த்துக் கை தேய்ந்த ஒரு பெரியம்மா பொட்டலத்தை வாங்காமல் நின்றார். “ஏன் பெரியம்மா, வாங்கிக்கிடுங்க” என்றேன். “நான் வந்தது கூலிக்கு, அண்ணாச்சி. இரக்கப்பட்டு எறியிற சோத்துக்கு வரல. சாப்பாடு உண்டுன்னு சொல்லித்தானே கூப்பிட்டாக? அப்போ அதுவும் கூலிதானே?” என்றார்.

பெரிய பெரிய புஸ்தகங்களில் பக்கம் பக்கமாக எழுதுகிற விஷயத்தை அந்தத் தாய் ஒரே வரியில் சொல்லிவிட்டார். சாப்பாடும் கூலிதான். அதைத்தான் இந்தக் கட்டுரையில் பேச வேண்டியிருக்கிறது.

பெயரிலேயே பாகுபாடு

கூட்டத்தில் நிற்கிறவனுக்குச் சினிமா உலகம் வைத்த பெயர் ‘எக்ஸ்ட்ரா’. அதிகப்படி, மிச்சம், இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்று என்பதே அதன் பொருள். பின்னால் ‘துணை நடிகர்’ என்றார்கள், ‘ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்’ என்றார்கள். பெயர் மரியாதையாக மாறியது. பந்தி மாறவில்லை.

உண்மையில் இவர்கள் அதிகப்படிதானா? 1948-ம் ஆண்டு ஜெமினி ஸ்டுடியோ முதலாளி எஸ்.எஸ். வாசன் ‘சந்திரலேகா’ படத்தை வெளியிட்டார். அந்தப் படத்தின் பெயரைச் சொன்னால் இன்றும் ஜனங்கள் நினைப்பது என்ன? பிரம்மாண்டமான முரசுகளின் மேல் நூற்றுக்கணக்கானோர் ஆடிய நடனத்தைத்தான். அந்த நூற்றுக்கணக்கானோரின் பெயர் யாருக்காவது தெரியுமா?

ரிச்சர்ட் அட்டன்பரோ எடுத்த ‘காந்தி’ படம் 1982-ல் வெளிவந்தது. அதில் வரும் இறுதி ஊர்வலத்தை 1981-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி டெல்லியில் எடுத்தார்கள். திரண்டவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர். பெரும்பாலோர் காந்தியின் பெயருக்காகக் கூலியில்லாமல் வந்தவர்கள். 94,560 பேருக்குச் சிறு தொகை கொடுத்தார்கள். அந்த மூன்று லட்சம் பேரின் ஒரு நாள் வெயில் திரையில் இரண்டு நிமிஷம் சொச்சம் ஓடியது. அந்த இரண்டு நிமிஷத்தை எடுத்துவிட்டால் அந்தப் படத்தில் காந்தியின் சாவு ஒரு தனி மனிதனின் சாவாகத்தான் தெரியும். ஒரு தேசத்தின் துக்கமாகத் தெரியாது.

ஆகவே கூட்டம் அதிகப்படியல்ல. கூட்டம் இல்லாமல் திருவிழா இல்லை, சந்தை இல்லை, போர்க்களம் இல்லை. கதாநாயகன் மேடையில் பேசினால் கைதட்ட ஆள் வேண்டும். கூட்டம் இல்லாத நாயகன் வெறும் ஆள்தான். பஞ்சாலையில் நூல் யாரால் ஓடுகிறது என்பதை ஆலைத் தொழிலாளிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. படத்திலும் அதே கதைதான்.

“ஒரு நாள் கூத்துக்கு இவ்வளவு பேச்சா?”

சிலர் கேட்பார்கள்: “இது என்ன பெரிய வேலை? நிழலில் உட்காருவதும் கைதட்டுவதும்தானே? நடிகரைப் பக்கத்தில் பார்க்கலாம். ஒரு நாள் வேடிக்கை. இதற்குப் போய் உரிமை, சட்டம் என்று பேச வேண்டுமா?”

இந்தக் கேள்வியை நம்மில் சிலரே கேட்கிறார்கள். அதனால் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

முதலாவது, ஒருவன் தன் நேரத்தையும் உடம்பையும் இன்னொருவனின் லாபத்துக்காக, அவன் சொன்ன இடத்தில், அவன் சொன்னபடி செலவழித்தால் அது வேலை. அதில் சந்தோஷம் இருக்கலாம், சிரிப்பு இருக்கலாம். அதனால் அது வேலை இல்லை என்றாகிவிடாது. நாற்று நடும் பெண்கள் பாடிக்கொண்டே நடுகிறார்கள். பாட்டுப் பாடினார்கள் என்று கூலியைக் குறைக்க முடியுமா?

இரண்டாவது, “ஒரு நாள்தானே” என்பது வந்து போகிற கூலிக்காரனுக்கு எதிராக எல்லா முதலாளிகளும் சொல்கிற பழைய வாதம். விவசாயத் தொழிலாளிக்கும் ஒரு நாள் வேலைதான். சுமைக்காரனுக்கும் ஒரு நாள் வேலைதான். நமக்கு ஒரு நாளாக இருப்பது கம்பெனிக்கு ஒவ்வொரு நாளும் நடக்கிறது. இன்று ஆலங்குளம், நாளை வேறு ஊர், மறுநாள் வேறு கூட்டம். ஆட்கள் மாறுகிறார்கள், பொட்டலம் மாறுவதில்லை.

மூன்றாவது, பதிவேட்டில் பெயர் இல்லாமல் வேலைக்குப் போவதன் விலை என்ன என்பதைச் சிவகாசி வட்டாரத்தைவிட நன்றாக அறிந்த இடம் எது? 2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. நம் பக்கம் எங்கே விபத்து நடந்தாலும் முதலில் எழுகிற கேள்வி, “பதிவேட்டில் பேர் இருக்கா?” என்பதுதான். படப்பிடிப்புத் தளமும் ஆபத்தில்லாத இடமல்ல. 2020-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி சென்னைக்கு அருகே ‘இந்தியன் 2’ படத்தின் தளத்தில் கிரேன் சரிந்து மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஏஜெண்டு எண்ணிக்கொண்டு போன தலைகளில் ஒன்றுக்கு ஆபத்து வந்தால், அது யாருடைய தலை என்று எந்தக் காகிதம் சொல்லும்?

சோறு வெறும் சோறல்ல

தஞ்சைப் பண்ணைகளில் விவசாயத் தொழிலாளி தலைமுறை தலைமுறையாகக் கண்ட அவமானங்களில் பாதி, சோற்றோடும் தண்ணீரோடும் வந்தவை. கஞ்சி வாங்கும் இடம் தனி, தண்ணீர் குடிக்கும் பாத்திரம் தனி, டீக்கடையில் டம்ளர் தனி. அங்கே செங்கொடி ஏறியபோது கூலி நெல் மட்டும் உயரவில்லை, குனிந்த முதுகும் நிமிர்ந்தது. அந்த நிமிர்வைப் பொறுக்காதவர்கள்தான் 1968-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி கீழ்வெண்மணியில் 44 உயிர்களைத் தீக்கிரையாக்கினார்கள்.

படப்பிடிப்புத் தளத்தில் மூன்று பந்தி வைப்பவர், “இது ஜாதி இல்லை, பட்ஜெட்” என்பார். இருக்கட்டும். ஆனால் யார் மேஜையில் சாப்பிட வேண்டும், யார் மரத்தடியில் சாப்பிட வேண்டும், யார் பொட்டலத்துக்குக் கையேந்த வேண்டும் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கிறாரே, அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? பண்ணை வீட்டுத் திண்ணையிலிருந்து வந்த புத்திதான் அது. உடை மட்டும் மாறியிருக்கிறது.

சினிமாக் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் உலகெங்கும் தலைவணங்குகிற ஒரு படம் உண்டு. 1925-ம் ஆண்டு சோவியத் நாட்டில் ஐசன்ஸ்டீன் எடுத்த ‘போர்க்கப்பல் பொட்டம்கின்’. அந்தக் கதை எங்கே தொடங்குகிறது? சாப்பாட்டில்தான்! 1905-ம் ஆண்டு ஜூன் மாதம் ஜாரின் கப்பலில் மாலுமிகளுக்குப் புழு நெளிந்த இறைச்சியைக் கொடுத்தார்கள். கப்பல் டாக்டர் அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடத் தகுந்தது என்றார். மாலுமிகள் தொட மறுத்தார்கள். மறுத்தவர்களைச் சுடத் துணிந்தார்கள். கப்பலில் கலகம் வெடித்தது. ஜாரின் சாம்ராஜ்யம் அன்று ஒரு சூப்புப் பாத்திரத்தின் முன்னால் ஆட்டங்கண்டது. சினிமாக்காரர்கள் போற்றுகிற படத்திலேயே சாப்பாட்டின் பாடம் இருக்கிறது. படத்தைப் போற்றுகிறார்கள், பாடத்தைத்தான் படிப்பதில்லை!

ஒரு நல்ல மனிதரும் ஒரு கேள்வியும்

எல்லாத் தளத்திலும் இப்படித்தான் என்று நாம் சொல்லவில்லை. நடிகர் விஜயகாந்த் நம் பக்கத்து மதுரை மண்ணிலிருந்து போனவர். 2023-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி அவர் மறைந்தபோது சென்னையில் கண்ணீர் விட்டவர்களில் லைட்மேன்களும் துணை நடிகர்களும் ஏராளம். காரணம் என்ன? நடிகருக்கு என்ன சாப்பாடோ அதே சாப்பாடுதான் கடைசித் தொழிலாளி வரைக்கும் என்று தம் படங்களில் அவர் நடைமுறைப்படுத்தினார். அவருடைய அரசியலோடு நமக்கு உடன்பாடும் இருந்தது, வேற்றுமையும் இருந்தது. ஆனால் பந்தியில் பாகுபாடு கூடாது என்று நின்ற அந்த மனதை மதிக்காமல் இருக்க முடியாது.

அதே நேரத்தில் ஒரு கேள்வியைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஒருவர் செய்த இந்தக் காரியத்தை நாடே ஏன் இவ்வளவு ஆச்சரியமாகப் பேசிற்று? மற்ற இடங்களில் அது நடக்கவில்லை என்பதால்தானே! வேலை செய்தவனுக்கு நல்ல சோறு போடுவது வள்ளல்தன்மை என்று பெயர் வாங்குகிற அளவுக்கு அந்தத் தொழிலின் நிலைமை இருக்கிறது என்பதுதானே அதன் அர்த்தம்!

இன்னொன்றும் உண்டு. நல்ல மனம் அந்த மனிதரோடு வாழ்கிறது, அவரோடு போய்விடுகிறது. அடுத்த தளத்தில் அடுத்த மனிதர் வருவார். அவர் மனம் எப்படியோ? தர்மம் கொடுக்கிறவன் கையில் இருக்கிறது, உரிமை வாங்குகிறவன் கையில் இருக்கிறது. தர்மத்தை நிறுத்திவிடலாம், உரிமையை நிறுத்தினால் கேள்வி வரும். விஜயகாந்துக்கு உண்மையான மரியாதை செய்ய விரும்புகிற பட முதலாளிகள் அவருக்கு மாலை போட்டால் போதாது. அவர் மனதால் செய்ததை ஒப்பந்தத்தில் எழுதட்டும்!

ஆலைக் கேண்டீன் வானத்திலிருந்து விழவில்லை

பஞ்சாலைத் தோழர்களே! உங்கள் ஆலையில் கேண்டீன் இருக்கிறதே, அது எப்படி வந்தது? முதலாளி இரக்கப்பட்டுக் கட்டினாரா? 250 தொழிலாளர்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேண்டீன் வைக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் எழுதிற்று. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு கொடுக்க வேண்டும் என்றும் எழுதிற்று. அந்த வரிகளுக்குப் பின்னால் எத்தனையோ வேலைநிறுத்தங்களும் தடியடிகளும் சிறைவாசங்களும் இருக்கின்றன.

சினிமாவிலும் அப்படிப்பட்ட போராட்டம் நடந்திருக்கிறது. வங்காளத்திலிருந்து சென்னைக்கு வந்த ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷும், நம் இயக்கத்தில் வளர்ந்த இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனும் 1960-ல் வெளிவந்த ‘பாதை தெரியுது பார்’ படத்தில் ஒன்றுசேர்ந்து வேலை செய்தவர்கள். தொழிலாளியின் வாழ்க்கையைப் பேசிய படம் அது. படம் எடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. ஸ்டுடியோவுக்குள் சிதறிக் கிடந்த தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டுவதிலும் முன்னின்றார்கள். இன்று இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்களைக் கொண்ட தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம் அப்படிப்பட்டவர்களின் உழைப்பில் எழுந்ததுதான்.

1981-ம் ஆண்டில் சினிமாத் தொழிலாளர்களுக்கென்று பார்லிமெண்டில் தனிச் சட்டம் வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் யாரையும் படத்தில் வேலைக்கு வைக்கக்கூடாது என்று அது சொல்லிற்று. நேராக வைத்தாலும், காண்டிராக்டர் மூலம் வைத்தாலும் அவன் சினிமாத் தொழிலாளிதான் என்று சொல்லிற்று. நல்ல வரிகள்! ஆனால் கிராமத்தில் ஒரு நாள் கூட்டத்துக்கு நின்ற எவனாவது அந்த ஒப்பந்தக் காகிதத்தைக் கண்ணால் கண்டதுண்டா?

2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டதாக மத்திய சர்க்கார் அறிவித்தது. பழைய சினிமாத் தொழிலாளர் சட்டமும் தொழிற்சாலைச் சட்டமும் அதற்குள் விழுங்கப்பட்டன. வேலைநிறுத்த உரிமையைக் கட்டிப்போடுகிற, ஆட்குறைப்புக்கு வாசல் திறக்கிற இந்தத் தொகுப்புகளை நாம் எதிர்க்கிறோம், எதிர்ப்போம். ஆனால் எதிரி எழுதிய காகிதத்திலேயே அவனை மடக்கும் வரி இருந்தால் அதை விட்டுவிடக்கூடாது. நடிகர் முதல் சாதாரண வேலைக்காரர் வரை ‘ஆடியோ-விஷுவல் தொழிலாளி’ என்றும், எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் அவர்களை வேலைக்கு வைக்கக்கூடாது என்றும் அந்தத் தொகுப்பிலும் இருக்கிறது. நூறு தொழிலாளர்கள் வேலை செய்யும் இடத்தில் கேண்டீன் வசதி பற்றியும் பேசுகிறது. அது நூறு தலை வேண்டும் என்று கேட்கிற படப்பிடிப்பு ஏஜெண்டு காதில் விழுமா? நாம் சொன்னால்தான் விழும்.

இன்னும் ஒரு விஷயம். குழந்தைகளை நடிக்க வைப்பதற்கு 2017-ல் மத்திய சர்க்கார் விதிகள் வகுத்தது. கலெக்டர் அனுமதி வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் கூடாது, நேரத்துக்குச் சத்தான உணவு கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. தீப்பெட்டி ஒட்டிய பிஞ்சு விரல்களைக் கண்ட இந்த வட்டாரம் இதை மனதில் வைக்க வேண்டும். கூட்டத்தோடு கூட்டமாகப் பிள்ளைகளை அழைத்துப்போக எவனையும் விடக்கூடாது. அதோடு இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: பிள்ளைக்கு நேரத்துக்குச் சோறு என்று எழுத முடிந்த சர்க்காருக்கு, அந்தப் பிள்ளையின் தாய்க்கு நேரத்துக்குச் சோறு என்று எழுத மட்டும் பேனா இல்லையா?

ஆறு மணி நேரமும் ஓர் அபராதமும்

முதலாளித்துவத்தின் தலைமைப்பீடமான அமெரிக்காவைப் பாருங்கள். அங்கேயும் கூட்டத்து நடிகர்களை ஏஜெண்டுகள் கொள்ளையடித்தார்கள். புகார் முற்றி, 1925-ம் ஆண்டு பட முதலாளிகளே கூட்டத்து நடிகர்களை வேலைக்கு எடுக்க ஒரு பொது அலுவலகம் அமைக்க வேண்டி வந்தது. நடிகர் சங்கம் 1933-ல் பிறந்தது. அந்தச் சங்கத்தின் ஒப்பந்தத்தில் இன்று ஒரு விதி உண்டு. வேலைக்கு வந்த ஆறு மணி நேரத்துக்குள் சாப்பாட்டுக்கு விட வேண்டும். தவறினால், தாமதமாகும் ஒவ்வொரு அரை மணிக்கும் கம்பெனி அபராதம் கட்ட வேண்டும். அந்த அபராதம் அரசாங்கத்துக்குப் போவதில்லை, பசித்திருந்தவன் கைக்கே போகிறது! கூட்டத்தில் நிற்பவனுக்கும் அது உண்டு.

டாலர் முதலாளிக்கு மனம் இளகியதால் வந்ததா இது? இல்லை. சங்கம் இருந்ததால் வந்தது. பசிக்கு ஒரு விலை வைத்தார்கள். விலை வைத்ததும் சாப்பாடு நேரத்துக்கு வர ஆரம்பித்தது.

அதே சங்கம் 2023-ம் ஆண்டு ஜூலை 14 முதல் நவம்பர் 9 வரை 118 நாள் வேலைநிறுத்தம் செய்தது. அதில் ஒரு பிரச்னை நம் கவனத்துக்குரியது. கூட்டத்து நடிகரை ஒரு நாள் கூலி கொடுத்துக் கூப்பிட்டு, உடம்பையும் முகத்தையும் கம்ப்யூட்டரில் பதிவு செய்துகொண்டு, அந்த உருவத்தை என்றைக்கும் பயன்படுத்திக்கொள்ள முதலாளிகள் கேட்டார்கள் என்று சங்கம் குற்றம் சாட்டியது. நாங்கள் அப்படிக் கேட்கவில்லை என்று முதலாளிகள் மறுத்தார்கள். கடைசியில், சம்மதமும் சம்பளமும் இல்லாமல் நடிகரின் உருவத்தைக் கம்ப்யூட்டரில் நகலெடுத்துப் பயன்படுத்தக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டி வந்தது.

இது ஆலங்குளத்துக்கு எட்டாத விஷயம் என்று நினைக்காதீர்கள். ஐம்பது பேரைப் படமெடுத்து அதைக் கம்ப்யூட்டரில் ஐயாயிரம் பேராகப் பெருக்குகிற வித்தை நம் நாட்டிலும் நடக்கிறது. ஒரு கூலிக்கு ஒரு முறை நின்றவனின் முகம் நூறு முறை பயன்பட்டால் மீதி தொண்ணூற்றொன்பது கூலி யார் பைக்குப் போகிறது? யந்திரத்தின் மேல் நமக்குக் கோபம் இல்லை. யந்திரத்தால் வரும் லாபம் ஒரே பைக்குள் போவதுதான் நம் பிரச்னை. விசைத்தறி வந்தபோது கைத்தறி நெசவாளி கேட்ட கேள்விதான் இது.

சென்னைத் தோழனுக்கு எதிராக நாமா?

கம்பெனிகள் கிராமத்துக்கு ஏன் வருகின்றன? மண்ணும் வெயிலும் வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. சென்னையில் சங்கத்து ஆளைக் கூப்பிட்டால் நேரக் கணக்கு உண்டு, பேட்டா உண்டு, அதிக நேரத்துக்கு அதிகக் கூலி உண்டு. கிராமத்தில் ஏஜெண்டு சொன்னதே கூலி, கொடுத்ததே சோறு.

அதாவது, வடபழனியிலும் சாலிகிராமத்திலும் வேலைக்காகக் காத்திருக்கிற துணை நடிகரின் கூலியை உடைக்க நம்மைக் கருவியாக்குகிறார்கள். அவர்களின் நிலைமை மட்டும் என்ன வாழ்கிறது? 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாவால் படப்பிடிப்பு நின்ற சில நாட்களிலேயே, உறுப்பினர்களின் குடும்பங்களுக்கு அரிசி மூட்டை தந்து உதவுங்கள் என்று சம்மேளனம் நடிகர்களிடம் கேட்க வேண்டி வந்தது. கோடிகள் புரளும் தொழிலில் வேலை செய்தவர் வீட்டில் ஒரு மாத அரிசிகூட இல்லை!

அவர்களும் நம்மைப் போன்றவர்களே. “உள்ளூர்க்காரன் வந்து எங்கள் வேலையைப் பறிக்கிறான்” என்று அவர்களைப் பேச வைப்பதும், “பட்டணத்துக்காரனுக்கு மட்டும் அதிகக் கூலியா” என்று நம்மைப் பேச வைப்பதும் ஒரே கைதான். உள்ளூர் ஆள் வேண்டும் என்றால் வரட்டும், வருகிறோம். ஆனால் அதே வேலைக்கு அதே கூலி, அதே பந்தி. குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்காது என்றால் இரண்டு பேர் வயிறும் நிறையும்.

செய்ய வேண்டியது என்ன?

ஒரு சினிமாக் கம்பெனி வருவதை ஊரே முன்கூட்டி அறியும். பஞ்சாயத்தில் இடம் கேட்பார்கள், போலீசில் அனுமதி கேட்பார்கள். அந்த நேரத்திலேயே ஊரிலுள்ள விவசாயத் தொழிலாளர் சங்கமும் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் சங்கமும் ஆலைச் சங்கமும் ஒன்றாகப் போய் நிற்க வேண்டும். கேட்க வேண்டியவை எளிமையானவை.

வருகிறவர் ஒவ்வொருவரின் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும். கூலி எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்பதை முதல் நாளே சொல்லி எழுதித் தர வேண்டும். ஏஜெண்டின் கமிஷனைக் கம்பெனி கொடுக்கட்டும், கூலிக்காரன் கையிலிருந்து பிடிக்கக்கூடாது. வேலை தொடங்கிய ஐந்து மணி நேரத்துக்குள் சாப்பாடு. தளம் முழுவதற்கும் ஒரே சாப்பாடு. நிழல், குடிதண்ணீர், பெண்களுக்கு மறைப்புள்ள கழிப்பிடம். இருட்டிய பின் வேலை முடிந்தால் வீடு வரைக்கும் வண்டி. உருவத்தைக் கம்ப்யூட்டரில் பெருக்குவதானால் முன்சம்மதமும் தனிச் சம்பளமும்.

இவை நடக்காத கனவுகளா? ஒரு படத்தில் நாயகனுக்குக் கொடுக்கும் சம்பளத்தோடு நூறு பேரின் ஒரு வேளைச் சாப்பாட்டை ஒப்பிட்டால் அது கறிவேப்பிலைச் செலவு. பணம் இல்லாததால் பொட்டலம் குறையவில்லை. கேட்க ஆள் இல்லாததால் குறைந்தது.

அன்று சாயங்காலம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரியம்மா பொட்டலம் வாங்காமல் நின்றதைப் பார்த்து, பக்கத்திலிருந்த பத்துப் பதினைந்து பெண்கள் வாங்கிய பொட்டலத்தைப் பிரிக்காமல் கீழே வைத்துவிட்டார்கள். யாரும் கூச்சல் போடவில்லை, கோஷம் போடவில்லை. “எல்லாருக்கும் வந்தப்புறம் சாப்பிடுறோம். அதுவரைக்கும் பந்தல்ல போயி உக்கார மாட்டோம்” என்று மட்டும் சொன்னார்கள். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. கேமரா காத்துக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் ஒரு வண்டி ஓடிப்போய் மீதிப் பேருக்கும் சாப்பாடு வாங்கி வந்தது. மேஜைப் பந்தி கிடைக்கவில்லைதான். ஆனால் மேனேஜர் அன்றைக்கு முதல் முறையாகத் தலைகளை எண்ணாமல் முகங்களைப் பார்த்துப் பேசினார்.

கூட்டம் என்பது கைதட்டுவதற்கு மட்டுமல்ல என்பதை அந்த அரை மணி நேரம் காட்டிவிட்டது. பந்தலில் போய் உட்கார மாட்டோம் என்று பதினைந்து பேர் சொன்னதற்கே கேமரா நின்றது. சங்கமாக நூறு பேரும் சொன்னால் ஒப்பந்தம் எழுதப்படும், பந்தி ஒன்றாகும்.

அடுத்த கம்பெனி வரும். அதற்குள் நாம் தயாராக இருப்போம்!